வடிகானுக்கு முதலில் நிதி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய எமது மாவட்டத்தின் உள்ளூராட்சி சபைகள் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைத் தயாரிக்கும் இவ்வேளையில், சிறு நகரொன்றில் வசிப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். மாரி தொடங்கியதும் எங்கள் சந்தை வீதி வடிகான், பிளாஸ்டிக் போத்தல்களும் மீன் கழிவுகளும் அடைத்து, முழங்காலளவு அழுக்கு நீரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறது. சென்ற முறை அயல்வீட்டு முதியவரை நாங்கள் கதிரையோடு தூக்கித்தான் வெளியேற்றினோம். வரவேற்பு வளைவுக்கும் அலங்கார விளக்குகளுக்கும் தயங்காமல் நிதி ஒதுக்கும் சபை, வடிகானைத் துப்புரவாக்கும் செலவை மட்டும் ஆண்டுதோறும் பின்தள்ளுவது வேதனைக்குரியது. பாதீட்டு வரைபைச் சபை வாசலில் காட்சிப்படுத்தி, வட்டாரந்தோறும் மக்களின் கருத்தைக் கேட்ட பின்னரே அதை வாக்கெடுப்புக்கு விட வேண்டும்.

இங்ஙனம்,
சோலைவரி செலுத்தும் வாசகர்,
மட்டக்களப்பு.