வர்ஜீனியாவுக்குக் கை கொடுத்தவர்களுக்கும் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை மாலை சான் ஹொசே நூலகக் கூடத்தில் டானர் கூட்டத்தில் வந்த சிறுமி வர்ஜீனியா ரீடின் கதையைக் கேட்க வந்தவர்களுக்கு முதல் நன்றி. வர முடியாமல் வாழ்த்து அனுப்பியவர்களுக்கும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களுக்கும் நன்றி. உங்கள் பங்கு சமோசா வீணாகவில்லை. மேடையிலேயே பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் பூட்டும் நேரம் வந்துவிட்டது. கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்வியும் பாதியில் நின்றது: "இவர்கள் மனிதர்களைத் தின்றவர்கள்தானே?"

கேட்டவருக்கும் நன்றி. டானர் கூட்டம் என்றாலே பலருக்கும் அது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. 1846 ஏப்ரலில் இல்லினாயின் ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து மாட்டுவண்டிகளில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பியவர்களோடு வழியில் மற்றவர்கள் சேர்ந்து 87 பேர் ஆனார்கள். தூரம் குறையும் என்று நம்பி ஹேஸ்டிங்ஸ் குறுக்கு வழியில் திரும்பினார்கள். மலையிலும் உப்புப் பாலைவனத்திலும் நாட்கள் கரைந்தன, எருதுகள் தொலைந்தன. சியரா நெவாடா மலையடிவாரத்துக்கு வந்தபோது கணவாயைப் பனி மூடிவிட்டது. ஏரிக்கரைக் குடில்களில் குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. இறந்தவர்களின் உடலைத் தின்று சிலர் உயிர் தப்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் தன் குடும்பத்தில் யாரும் அதைச் செய்யவில்லை என்று வர்ஜீனியாவே தன் மாமா பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறாள். அம்மாவும் நான்கு பிள்ளைகளும், ஒருவர் குறையாமல் பிழைத்தார்கள். எப்படி என்று கேட்டால், யாராவது ஒருவர் எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். என் கதை முழுக்க அவர்களைப் பற்றியதுதான். அதனால் இந்த மடலில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

என்னை இதில் இழுத்துவிட்டது ஒரு ரயில் பயணம். என்னோடு வேலைக்கு வரும் அக்கா ஒருவர், லைட் ரயில் 'வர்ஜீனியா' நிலையத்தில் நின்றபோது, "மாநிலத்தின் பெயரா, மனுஷி பெயரா?" என்று சும்மாதான் கேட்டார். மனுஷிதான். அவளுடைய அப்பா ஜேம்ஸ் ரீட் பிழைத்து வந்து சான் ஹொசேயில் நிலம் வாங்கி, தெருக்களுக்குத் தன் வீட்டார் பெயரை வைத்தார். மகள் பெயரில் வர்ஜீனியா, மனைவி பெயரில் மார்கரெட், மாமியார் வழியில் கீஸ். கீஸ் தெருவில் நாம் எத்தனை முறை பார்க்கிங் தேடி அலைந்திருப்போம்! அக்கா, அந்தக் கேள்விக்கு நன்றி. இனிமேல் ரயிலில் எதைக் கேட்டாலும் யோசித்துக் கேளுங்கள்.

மாட்டுக்காரரின் நாட்குறிப்பா, மகாராணியின் கடிதமா என்று பாராமல் எல்லாக் காகிதத்தையும் காப்பாற்றுகிறவர்கள் நூலகர்கள். பெர்க்லியின் பான்க்ராஃப்ட் நூலகத்துக்கு என் தனி நன்றி. அந்தக் குளிர்காலத்தில் கூட்டத்தில் ஒருவரான பாட்ரிக் ப்ரீன் எழுதிய நாட்குறிப்பு அங்கேதான் இருக்கிறது. பனி எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம், இன்றைக்கு யார் இறந்தார் என்று ஓரிரண்டு வரிதான். அழுகை கிடையாது. கதை சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு தரம் படிக்க வேண்டிய உரைநடை.

அப்புறம், அந்தக் காலத்து ஆட்கள். முதலில் சார்லஸ் ஸ்டான்டன். கூட்டத்தில் அவருக்கு மனைவி, மக்கள் யாரும் இல்லை. உணவு வாங்க முன்னாலேயே கலிஃபோர்னியா போனவர், அப்படியே அங்கே ஜான் சட்டர் என்பவரின் கோட்டையில் தங்கியிருக்கலாம், கேட்க ஆளில்லை. ஏழு கோவேறு கழுதைகளில் மாவும் உப்புக்கண்டமும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். ரீட் குடும்பம் அப்போது வண்டிகளை இழந்து நின்றது. தகராறு ஒன்றில் ஒருவரைக் குத்திக் கொன்றதற்காக அப்பா ரீடைக் கூட்டம் துரத்திவிட்டிருந்தது. ரீட் வர்ஜீனியாவைப் பெற்றவர் அல்ல, வளர்த்தவர். ஆனாலும் அன்றிரவு அவர் இருந்த இடத்தைத் தேடிப் போய்த் துப்பாக்கியும் சாப்பாடும் கொடுத்தவள் அவள்தான், 13 வயதில். அப்படி நின்ற குடும்பத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டார் ஸ்டான்டன். வர்ஜீனியா அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு மழையில் போனாள். தங்கை பாட்டியும் (Patty, பெயர்தான் அப்படி) தம்பி ஜிம்மியும் லூயிஸ், சால்வடோர் என்ற இரு மிவோக் பழங்குடி இளைஞர்களின் பின்னால் உட்கார்ந்து போனார்கள். சட்டர் துணைக்கு அனுப்பிய ஆட்கள் அவர்கள். இது அவர்களுடைய துன்பமே இல்லை, அவர்கள் வந்திருக்கவும் வேண்டாம். டிசம்பரில் உதவி தேடி 15 பேர் மலை ஏறினார்கள். பனியால் பார்வை மங்கிப்போன ஸ்டான்டன், நீங்கள் போங்கள், பின்னால் வருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லூயிஸும் சால்வடோரும் பட்டினியில் நடக்க முடியாமல் கிடந்தபோது, கூட வந்தவரே சுட்டுக் கொன்றார். அவர்கள் உடலையும் தின்றார்கள். நான் அதைச் சொல்லும்போது கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. கேள்வி கேட்டவருக்கு இந்தப் பகுதியும் சேர்ந்ததுதான் பதில்.

மில்ட் எலியட்டை யாரும் அதிகம் பேசுவதில்லை. ரீட் வீட்டு வண்டியோட்டி. வர்ஜீனியாவின் அம்மாவை இவரும் அம்மா என்றே கூப்பிட்டார். 1847 ஜனவரி 4-ல் அம்மா, வர்ஜீனியா, மில்ட், வேலைக்காரப் பெண் எலைசா நால்வரும் மலையைத் தாண்டப் பார்த்தார்கள். மற்ற பிள்ளைகளை ஆளுக்கொரு குடிலில் விட்டுவிட்டுப் போனார்கள். எலைசா சீக்கிரமே திரும்பிவிட்டாள். மற்ற மூவரும் சில இரவுகள் பனியில் கிடந்து, வர்ஜீனியாவின் கால் மரத்துப்போய், வந்த வழியே திரும்பினார்கள். பிப்ரவரியில் மில்ட் இறந்தார். அம்மாவும் மகளும் உடலை இழுத்துப்போய்ப் பனியில் புதைத்தார்கள். காலிலிருந்து தொடங்கி மெல்லத் தட்டித் தட்டி முகம் வரைக்கும் பனியால் மூடியதை, அவள் 1891-ல் எழுதிய நினைவுக் குறிப்பில் மறக்காமல் எழுதியிருக்கிறாள்.

பெக்கி ப்ரீன் அம்மாள். கூரைக்குப் போட்டிருந்த மாட்டுத்தோலையே எடுத்து, ரோமத்தைப் பொசுக்கிச் சுரண்டி, கூழாகக் கொதிக்கவைத்துக் குடித்த நாட்கள். வர்ஜீனியாவுக்கு அது உள்ளே இறங்கவில்லை. தன் வீட்டிலேயே ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு துண்டு இறைச்சியை யாருக்கும் தெரியாமல் கையில் வைப்பாராம் பெக்கி. ரீட் குடும்பத்தின் கூரைத் தோலும் தீர்ந்த பிறகு எல்லோரையும் தங்கள் குடிலிலேயே சேர்த்துக்கொண்டவர்கள் ப்ரீன் வீட்டார். இரவில் ப்ரீன் ஜெபம் வாசிப்பார். பக்கத்தில் மண்டியிட்டுப் பைன் மரச் சிராய்களைக் கொளுத்தி வெளிச்சம் காட்டுவது வர்ஜீனியாவின் வேலை. பிழைத்தால் கத்தோலிக்கராகிவிடுகிறேன் என்று அப்போதுதான் வேண்டிக்கொண்டாள்.

காதல் கதைக்கு வருகிறேன். "காதல் எங்கே?" என்று ஒத்திகையின்போது விடாமல் நச்சரித்த என் கணவருக்கு நன்றி. நீங்கள் நச்சரிக்காவிட்டால் இந்தப் பொருத்தம் என் கண்ணிலேயே பட்டிருக்காது. ப்ரீன் வீட்டார் இருந்த குடில் அவர்கள் கட்டியதில்லை. 1844-ல், சியராவை முதன்முதலில் வண்டிகளோடு தாண்டிய ஸ்டீவன்ஸ்-டவுன்செண்ட்-மர்ஃபி கூட்டத்து ஆட்கள் கட்டிப்போட்டது. அதில் மோசஸ் ஷாலன்பெர்கர் என்ற பையன் நரி பிடித்துத் தின்றுகொண்டு ஒரு குளிர்காலத்தைத் தனியாகக் கழித்திருக்கிறான். அதே கூட்டத்தில் வந்தவர் ஜான் மர்ஃபி. பின்னால் தங்கம் தோண்டிப் பணக்காரரானார்; மர்ஃபீஸ் என்ற ஊருக்கு அவர், தம்பி இருவரின் குடும்பப் பெயர்தான். 1850 ஜனவரி 26-ல் வர்ஜீனியா அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுக்கு 16 வயது. அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. மாப்பிள்ளை கத்தோலிக்கர், மகளும் மதம் மாறிவிட்டாள். அப்பாவுக்காக இருட்டில் துப்பாக்கி கொண்டுபோனவள் அப்பா பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது. ஒன்பது பிள்ளைகள் பெற்றாள். கணவர் நடத்திய காப்பீட்டுத் தொழிலைப் பின்னால் தானே நடத்தினாள். மாமா பெண்ணுக்கு 1847-ல் எழுதிய அந்தக் கடிதத்தில் குறுக்கு வழியில் போகாதே, முடிந்த வேகத்தில் நட என்று எழுதிய அதே பெண், கல்யாணம் வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவுக்கு வரச் சொல், மாப்பிள்ளை எப்போது வேண்டுமானாலும் கிடைப்பான் என்றும் எழுதியிருக்கிறாள். மலையிலிருந்து இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை!

பிப்ரவரி 18 மாலை ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த முதல் மீட்புக் குழுவின் ஏழு பேருக்கும் ஒரு கும்பிடு. அக்விலா குளோவர், ரீசன் டக்கர், ரோட்ஸ் சகோதரர்கள், இன்னும் மூவர். நடக்க முடியாத தங்கை பாட்டியையும் குட்டித் தம்பி டாமியையும் குடிலுக்கே திருப்பி அனுப்பவேண்டி வந்தது. எட்டு வயதுப் பாட்டி அம்மாவிடம், என்னை இனி பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள் என்றாளாம். அந்தப் பகுதியை மேடையில் படித்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு நன்றி. நீ தடுமாறாமல் படித்துவிட்டாய், நாங்கள்தான் தடுமாறினோம். அப்பா ரீட் வேறொரு குழுவோடு எதிரே வந்து, மேலே ஏறி அந்த இருவரையும் கொண்டுவந்தார்.

மிச்ச நன்றிகள். டானர் நினைவுப் பூங்காவில் நினைவுச்சின்னத்தின் 22 அடிப் பீடத்தைக் காட்டி, அந்த ஆண்டுப் பனி இந்த உயரம் என்று என் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கிய ஊழியருக்கு. எண்பதாம் நெடுஞ்சாலையில் பனிச்சங்கிலி மாட்டக் கற்றுக்கொடுத்த முன்பின் தெரியாத லாரி ஓட்டுநருக்கு. மைக் இழுத்துக்கொண்டே இருந்தும் கோபப்படாத தம்பிக்கு. ரீட் வீட்டு நாயைத் தின்றார்கள் என்றதும் அழுத குட்டிப் பையனுக்கும் அவனை வெளியே தூக்கிக்கொண்டு போன பெரியம்மாவுக்கும். கண்ணா, அந்த நாயின் பெயர் கேஷ். ஒரு வாரம் அந்த வீட்டைக் காப்பாற்றியது அதுதான்.

கடைசியாக, சுண்டல் வந்த எவர்சில்வர் தூக்கு ஒன்று என் வீட்டில் இருக்கிறது. மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது, ஆனால் தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை. உரியவர் வார நாட்களில் மாலை 6 மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம். காபி உண்டு.