ஆறுமணிக்குருவி வந்தாச்சு

கண்ணா,

நேத்து சாயங்காலம் வெளிச்சம் மங்குற நேரம், வேலி ஓரத்துலேருந்து ரெண்டு விசில். கையில இருந்த துணிய அப்படியே போட்டுட்டு ஓடினேன். குளிருக்கு மட்டும் நம்ம பக்கம் வர்ற ஆறுமணிக்குருவி வந்துடுச்சுடா!

நீ விட்டுட்டுப் போன பைனாகுலர்ல மொதல்ல எனக்கு வெறும் இலைதான் தெரிஞ்சுது. பறவை மேல வெச்ச கண்ண எடுக்காம பைனாகுலரத் தூக்கிக் கண்ணுல வெக்கணும்னு புரியவே ரெண்டு மாசம் ஆச்சு. இந்த ஒரு வருஷத்துல நோட்டுல 43 வகைப் பறவை எழுதியிருந்தேன், அதுல ஒண்ண அடிச்சுட்டேன். பழுப்பு உடம்பு பூரா வெள்ளைப் புள்ளி, ஏதோ புது ஆளுன்னு பாத்தா அது பொட்டைக் குயில்! குயிலுன்னா கருப்புன்னே இத்தன வயசு ஓட்டியிருக்கேன். உங்கப்பா இன்னும் சிரிச்சு முடிக்கல.

கோடையில நோட்டுல ஒண்ணும் பெருசா இல்ல, அதே மைனா, அதே தவிட்டுக்குருவி. செப்டம்பர்ல பழுப்புக் கீச்சான் வந்து கர்ர்கர்ர்னு கத்துனப்பதான் எனக்கே உசுரு வந்துது. கண்ணுல கருப்புப் பட்டையோட திருடன் மாதிரி அதே முருங்கைக் கிளையில உக்காந்துக்கிட்டு, வேற கீச்சான் வந்தா விரட்டியே விட்டுடுது. போன வருஷத்து அதே ஆளான்னு ஆராய்ச்சிக்காரங்க அடையாளத்துக்கு மாட்டுற வளையம் கால்ல இருந்தாத்தான் சொல்ல முடியுமாம். அதே கிளைதானே, எனக்கு அது போதும்.

போன குளிருக்கு நடந்தத உன்கிட்ட சொல்லவே இல்ல. ஆறுமணிக்குருவி ஒண்ணு காலங்காத்தால ஜன்னல் கண்ணாடில மோதி விழுந்து கெடந்துது. ராத்திரி பூரா பறந்து வர்ற ஜாதி, பாவம் அசந்து போயிருக்கும். தண்ணி ஊத்தாம, தடவாம, உன் பழைய ஷூ டப்பாவுல ஓட்ட போட்டு மூடி இருட்டுல வெச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சுத் தெறந்தா பச்சை முதுகு, இறக்கையில பளீர்னு நீலம், மொட்ட வாலுக்கடியில குங்குமம் கொட்டுன மாதிரி செவப்பு, என்னைய ஒரு பார்வை பாத்துட்டு வேலிக்கடியில போயிடுச்சு. மறுநாளே கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நெருக்கமா கயிறு தொங்கவிட்டுட்டேன், பாக்க அசிங்கமாத்தான் இருக்கு, இருக்கட்டும்.

பிப்ரவரியில கொல்லைப்புறப் பறவைக் கணக்கு வருது, நாலு நாளு. 2013-லேருந்து உலகத்துல எங்க இருந்தாலும் சேரலாமாம், 15 நிமிஷம் பாத்து, என்னென்ன பறவை எத்தனைன்னு லிஸ்ட் குடுத்தா போதும். நீயும் அங்க ஜன்னல்கிட்ட உக்காரு, ஃபோன ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம். ஆனா லிஸ்ட் தனித்தனிடா, என் கீச்சான உன் கணக்குல சேத்துடாத.

அம்மா