கேட்டில் நிற்பவரை யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் கண்காணிப்புக் கேமராக்களைக் கூட்டுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேமரா எங்கே வைப்பது, பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு பல்கலைக்கழக மகளிர் விடுதியில் நெடுங்காலம் துணை வார்டனாக இருந்தவள் என்பதால், விட்டுப்போன அந்தப் பகுதியைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள் 2024 டிசம்பர் 23 அன்று ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்தார். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம், குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் தண்டனையைக் குற்றவாளிக்கு விதித்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் கேமரா, அடையாள அட்டை என்றே பேச்சு. அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் திரையில் தெரிவதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், பார்த்த நொடியில் அந்த இடத்துக்கு ஓட இன்னொரு ஆள் வேண்டும். அந்த இரண்டு பேரும் எந்த நிலைமையில் வேலை செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் விடுதி வாசலில் நைட் டூட்டி பார்த்த பெரியவரைப் பிள்ளைகள் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஆட்டோக்காரர் நம்பிக்கையானவர், விடியற்காலையில் பால் கொண்டுவரும் பையன் யார், எந்த மாணவிக்கு வீசிங் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஒரு நடுராத்திரி முதலாண்டு மாணவி ஒருத்தி மூச்சுவிட முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் 108-க்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் அவளுடைய அறைத்தோழியை எழுப்பி இன்ஹேலரை எடுத்துவரச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் உள்ளே வர இரண்டு கேட்டையும் திறந்து வைத்துவிட்டார். எந்த ரூல் புத்தகத்தைப் பார்த்தும் அவர் இதைச் செய்யவில்லை. பல வருஷம் ஒரே இடத்தில் இருந்ததால் வந்த பழக்கம் அது.

அவர் வைத்திருந்த ரெஜிஸ்டரையும் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதற்குக் கீழே, ‘மெஸ் பின்புறம் லைட் எரியவில்லை’, ‘பின் சுவர் கம்பி அறுந்துள்ளது’ என்று கோணல்மாணலான கையெழுத்தில் ராத்திரிக்கு ராத்திரி எழுதி வைத்திருப்பார். காலையில் அலுவலகத்தில் அதில் இனிஷியல் போடுவார்கள், அவ்வளவுதான். மேலே வாய்விட்டுக் கேட்கவும் அவருக்குத் தயக்கம், ஏனென்றால் அவர் பல்கலைக்கழக ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள். அப்புறம் ஒப்பந்தம் வேறு ஏஜென்சிக்குப் போனது. புதிதாக வந்தவர்கள் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வந்த தம்பிக்கு மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கதவு இருப்பதே பல நாள் தெரியாது. அது அவர் தப்பில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குறைந்த தொகை கேட்டவருக்கே டெண்டர் என்றால் எங்கே மிச்சம் பிடிப்பார்கள்? ஆளிடம்தான். மூன்று ஷிஃப்ட் இரண்டாகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் நின்ற பிறகு ரிலீவர் வரவில்லை என்றால், அதே ஆள் அடுத்த ஷிஃப்டையும் பார்க்க வேண்டியதுதான். கண் சொருகி நிற்கிற மனிதரிடம் எந்த விழிப்பை எதிர்பார்க்க முடியும்? கேட்டில் பெண் காவலர்களையும் போடுகிறார்கள், நல்லது. ஆனால் அருகில் கழிப்பறை கட்டுவதில்லை. டூட்டி நேரத்தில் தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண்களை எனக்குத் தெரியும். கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. படித்தவர்கள் நடத்தும் வளாகத்தில் ஒரு நாற்காலிக்குக்கூட மனு எழுத வேண்டியிருக்கிறது.

பயிற்சிக்கும் சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பயிற்சி முடிக்காதவரைக் காவலராக நிறுத்தக் கூடாது. அதன் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. எங்கள் வாசலுக்கு வந்தவர்களில் பலர் முதல் நாள் யூனிஃபார்ம் வாங்கி, அன்று ராத்திரியே டூட்டிக்கு நின்றவர்கள். தீயணைப்புக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்கூட அதில் குறைவு.

இன்னொன்றை மாணவிகள் சார்பில் சொல்கிறேன். பல வளாகங்களில் காவலருக்குக் கொடுக்கும் முதல் வேலை, பையனும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவது. ‘யார்கூட வந்தே, எந்த டிபார்ட்மென்ட், அப்பா நம்பர் கொடு’ என்று கேட்கச் சொல்வதே நிர்வாகம்தான். இதனால் காவலரின் கண் முழுக்க மாணவர்கள் மேலேயே இருக்கிறது, உள்ளே நுழைகிற அந்நியன் மேல் இல்லை. அதைவிடப் பெரிய கேடு, ஆபத்து வந்தால் காவலரிடம் ஓடக் கூடாது என்ற பயம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. கிண்டியில் அந்தக் குற்றவாளி வீடியோவைக் காட்டித்தான் மிரட்டினான் என்று செய்திகளில் படித்தோம். ‘வெளியே தெரிந்தால் உனக்குத்தான் கேவலம்’ என்ற அச்சத்தை நாமே வளர்த்துவிட்டால், இப்படிப்பட்டவனுக்கு வேறு ஆயுதம் எதற்கு? தாத்தாவிடம் பிள்ளைகள் எதையும் சொல்வார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தினமும் பின்தொடர்கிறான் என்று ஒரு பெண் முதலில் சொன்னது என்னிடம் இல்லை, அவரிடம். அவர் சொல்லித்தான் நான் காவல் நிலையத்துக்குப் போனேன்.

நிரந்தரப் பணியிடமாக ஆக்குங்கள் என்றால் நிதி இல்லை என்பார்கள். சரி, குறைந்தபட்சம் டெண்டர் நிபந்தனையையாவது மாற்றலாம். எட்டு மணி நேர ஷிஃப்ட், பயிற்சிச் சான்றிதழ், வங்கிக் கணக்கில் சம்பளம், ஒவ்வொரு கேட்டுக்கும் கழிப்பறை என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு விலை கேட்கட்டும். ஏஜென்சி மாறினாலும் பழைய ஆட்கள் விரும்பினால் தொடரலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வளாகத்தைத் தெரிந்தவர்கள் வளாகத்திலேயே இருப்பார்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆகவே, அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை என்று பல்கலைக்கழகங்கள் கை கழுவுவது நியாயம் இல்லை.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் பாதுகாப்புப் பணிக்கு டெண்டர் விளம்பரம் கொடுக்கும்போது, அந்த ஆவணத்தை வாங்கி, வேலை நேரம் எத்தனை என்று போட்டிருக்கிறது, பெண் காவலர்கள் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வெளியிடுங்கள். அப்படியே ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு கேட்டுக்குப் போய், அங்கே இருப்பவரிடம் எத்தனை மணிக்கு டூட்டிக்கு வந்தீர்கள் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வார்டன்,
கோவில்பட்டி.