ஹெர்ஷியிலிருந்து அண்ணனுக்கு

ஹெர்ஷி, பென்சில்வேனியா
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மா நேற்று போனில் ஒன்றரை மணி நேரம் பேசினாள். அதில் ஒரு மணி நேரம் உன் முழங்காலைப் பற்றித்தான். "முப்பத்தாறு வயதில் இன்னும் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறான், நீயாவது சொல்லடி" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். நம் கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சினால் தெருவே மணக்குமே, இங்கே காற்று திரும்பினால் கோகோ வாசம் வரும். பெரிய சாலையின் பெயர் சாக்லேட் அவென்யூ. அதன் தெருவிளக்குகள்கூட மிட்டாய் வடிவம்தான். சிலவற்றுக்குத் தாள் சுற்றியிருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. மிட்டாய்க்கு அடுத்தபடியாக இந்த ஊர் உயிரை விடுவது எதற்கு என்று நினைக்கிறாய்? ஹாக்கிக்கு! பாதி உலகத்தைச் சுற்றி இன்னொரு கோவில்பட்டிக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். என்ன, வெயில்தான் இல்லை. ஆடுவதும் பனிக்கட்டி மேல்.

போன டிசம்பரில் என் வீட்டு ஹீட்டர் கெட்டுப்போனது. வீட்டுக்காரர் இன்று நாளை என்று மூன்று வாரம் இழுத்தடித்தார். ஆஸ்பத்திரியில் உடன் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி பரிதாபப்பட்டு ஒரு டிக்கெட் கொடுத்தாள். பனிக்கட்டி அரங்கில் போய் உட்கார்ந்தால் என் வீட்டைவிட அங்கே கதகதப்பாக இருந்தது. அன்றிலிருந்து இரவு ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் போய்விடுகிறேன்.

ஹெர்ஷி பேர்ஸ் என்று அணியின் பெயர். 1938 முதல் அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் ஆடுகிறார்கள். என்.எச்.எல். என்ற பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இது. மொத்தம் 32 அணிகள். ஒவ்வொன்றும் மேலே ஓர் அணிக்கு ஆள் தயார்செய்து கொடுக்கும். நம் ஆட்கள் போவது வாஷிங்டனுக்கு. அங்கே ஒருவனுக்கு அடிபட்டால் இங்கே ஒருவனுக்குப் போன் வரும். பையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்வான். பலருக்கு ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம்: மேலே இருக்கும் நாளுக்கு ஒன்று, கீழே இருக்கும் நாளுக்கு ஒன்று. மேலே இந்த 2024-25 சீசனில் குறைந்தபட்சமே வருடத்துக்கு 7,75,000 டாலர். கீழே அதில் சிறு பங்குதான். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு அதே பையோடு திரும்பி வருகிறவர்களே அதிகம்.

இரண்டு வாரத்துக்கு முன் கரடி பொம்மை எறியும் ஆட்டம் நடந்தது. நம் அணி முதல் கோல் போட்டதும் கூட்டம் முழுவதும் எழுந்து பொம்மைகளை உள்ளே வீசுகிறது. பனிக்கட்டியே தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் 1,02,343 பொம்மைகளாம்! எல்லாம் தர்மத்துக்குப் போகும். நானும் ஒன்று எறிந்தேன். அது முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையில் விழுந்தது.

ஆனால் நான் பார்ப்பது உன்னைப் போல பேக் ஆடுகிறவர்களை, பின்னால் நின்று கோல் விழாமல் தடுக்கிறவர்களை. உன் தங்கை வேறு யாரைப் பார்ப்பாள்? இங்கே பேக் ஆடுகிறவன் பாதி நேரம் பின்பக்கமாகவே சறுக்குகிறான். எதிராளி பாய்ந்து வருவான். இவன் அவன் மார்பைப் பார்த்தபடி பின்னால் போய்க்கொண்டே ஓரப் பலகைப் பக்கம் ஒதுக்குவான். பந்து கிடையாது, பக் என்று ஒரு ரப்பர் வில்லை, 170 கிராம் வரை இருக்கும். உறையவைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள். தோளால் இடித்துச் சாய்க்கலாம். நம் மைதானத்தில் செய்தால் கார்டு, இங்கே கைதட்டல்.

போன சனிக்கிழமை ஒருவன் அந்த வில்லையைக் காலை மடக்கிக் குறுக்கே விழுந்து தடுத்தான். கணுக்காலில் பட்ட சத்தம் என் இருக்கை வரை கேட்டது. எழ முடியவில்லை. ஆட்டம் நிற்கவும் இல்லை. மட்டையை ஊன்றி, ஒற்றைக் காலால் தள்ளிக்கொண்டே கோலுக்கு முன்னால் தன் இடத்துக்கு வந்து நின்றான். வில்லை வெளியே போன பிறகுதான் பெஞ்சுக்கு நகர்ந்தான். பக்கத்து இருக்கைக்காரர் அந்த நேரத்தில் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தார். நீ பள்ளி மைதானத்தில் பெனால்டி கார்னரில் அடித்த பந்தை முழங்காலில் வாங்கிவிட்டு "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று நொண்டினாயே, அதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று கோல் போட்டவன் பெயர் பேப்பரில் வந்தது.

பிரையன் ஹெல்மர் என்று ஒருவர். கனடாக்காரர். எந்தப் பெரிய அணியும் அவரைத் தேர்வுப் பட்டியலில் எடுக்கவில்லை. 1993-ல் ஆல்பனியில் தொடங்கி இந்த லீக்கிலேயே 1,117 ஆட்டங்கள் ஆடினார். கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து 564 புள்ளிகள். இங்கே வேறு எந்த பேக்கும் அவ்வளவு எடுத்ததில்லை. மேலே மொத்தம் 146 ஆட்டம்தான். 2009, 2010 இரண்டு வருடமும் ஹெர்ஷி இந்த லீக்கின் கோப்பையான கால்டர் கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன். இரண்டாவதைத் தூக்கியபோது வயது 37. இப்போது இதே அணியின் நிர்வாகத்தில் துணைத் தலைவர். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்" என்றாள்.

அவள் சொல்வதும் சரிதான். இன்னொன்றும் இருக்கிறது. இது பிள்ளைகளை வளர்க்கும் லீக் என்பதால், ஆட இறங்கும் 18 பேரில் 13 பேர் அனுபவம் குறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று விதி. 320 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர்கள் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆட ஆட உன் இடம் சுருங்கிக்கொண்டே வரும்! நம் ஊரில் அந்த வேலையை மாமாக்களும் சித்தப்பாக்களும் செய்கிறார்கள், எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி சொல்லிவிட்டேன்: முழங்காலைப் பார்த்துக்கொள். விளையாடாதே என்று நான் எழுதவில்லை. அதை அவளிடம் வாசித்துக் காட்டாதே.

பிப்ரவரியில் இங்கிருந்து ஒருவர் மதுரைக்கு வருகிறார். பக்கவாட்டில் கம்பி வைத்த நல்ல முழங்கால் உறை ஒன்று கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். முழங்கால் சில்லுக்கு மேலே நான்கு விரல் தள்ளி, நூலைச் சுற்றி அளந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுது. வீங்காத காலை அளந்து ஏமாற்றாதே. அவர் திரும்பும்போது கருப்பட்டி போட்ட கடலை மிட்டாய் இரண்டு கிலோ கொடுத்துவிடு. இந்த ஊர் சாக்லேட் எனக்குத் திகட்டிவிட்டது.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை