அப்பாவின் எட்டு மணி மாத்திரை

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள கௌரி,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீ, அண்ணன், அத்தை, வாண்டுகள் எல்லாரும் நலம் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை என்று பிரபாவிடம் புலம்பினாயாம். நியாயம்தான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது இதை முழுதாகப் படி.

நேற்று கூப்பிட்டு, "உன் போனிலும் அத்தை போனிலும், சார்ஜ் மிச்சம் பிடிக்கும் என்று நான் போட்டுக் கொடுத்த பூஸ்டர் ஆப்பை உடனே எடுத்துவிடு" என்றேன். "சரி, பாக்குறேன்" என்றாய். உன்னுடைய 'பாக்குறேன்' எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். மெஸ் பாக்கியைக்கூட அப்படித்தானே பார்த்தாய், மேட்ரன் வந்து கதவைத் தட்டும் வரைக்கும்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது இது. அப்பா போனில் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிசெய்தேன். அதே பூஸ்டர் ஆப்பைப் போட்டேன். பாட்டரி செட்டிங்கில் போய், அப்பா திறந்தே பார்க்காத ஆப் எல்லாவற்றையும் பின்னணியில் ஓடக்கூடாது என்று கட்டுப்படுத்தி வைத்தேன். அதில் மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப்பும் ஒன்று. போன வருஷம் நானே போட்டுக் கொடுத்தது. காலை எட்டு, இரவு எட்டு. அது அடிக்கும், அப்பா தள்ளிவிட்டு மாத்திரை போடுவார். உள்ளே போய் அந்த ஆப்பை அவர் திறந்ததே இல்லை.

காலை மாத்திரை காபியோடு பழகிப்போனது, தப்பவில்லை. ராத்திரி மாத்திரைதான் போனது. வியாழக்கிழமை காலையில் சோமேஸ்வரர் கோவிலுக்குப் போனவர் படியிலேயே தலை கனக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்னாள். டாக்டரிடம் அழைத்துப் போனால் ரத்த அழுத்தம் 170-க்கு 100. "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?" என்று கேட்டார். போடுகிறார் என்று நான் அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்துப் பார்த்தால் நான்கு மாத்திரை கூடுதலாக இருக்கிறது. வெள்ளி அட்டையில் உடைக்காத நான்கு குமிழ். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பாவிடம் கேட்டேன். "போன் சொல்லலையேம்மா" என்றார். கோபமில்லை, குறையில்லை. போன் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை கௌரி.

இப்போது நன்றாக இருக்கிறார். பயப்படாதே. ஆனால் அத்தைக்கு இன்சுலின் நேரத்தையும் போன்தானே ஞாபகப்படுத்துகிறது? அதை நினைத்துத்தான் நேற்று உன்னைக் கூப்பிட்டேன்.

மாடி வீட்டு சதீஷ் ஒயிட்ஃபீல்டில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிற வேலையில் இருக்கிறான். இரண்டு நாள் சாயந்தரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அப்பா போனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் காட்டினான். நான் நினைத்திருந்ததில் பாதிக்கு மேல் தலைகீழ்.

முதலில் உன் விரல் பழக்கம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் திறந்திருக்கும் ஆப்பை எல்லாம் சரசரவென்று மேலே தள்ளிவிடுவாயே, தூசி தட்டுகிற மாதிரி? அதை விட்டுவிடு. அங்கே வரிசையாகத் தெரிவதெல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை இல்லை. பெரும்பாலானவை நினைவகத்தில் சும்மா கிடப்பவை. நினைவகம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். இடம் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டே தேவை குறைந்ததைப் பார்த்து வெளியே தள்ளும். புதிய பதிப்புகளில் அப்படிக் கிடக்கும் ஆப்பை உறைய வைத்துவிடுகிறது. அது பிராசஸரைத் தொடவே முடியாது. நீ தள்ளிவிட்டுப் பத்து நிமிஷத்தில் அதையே மறுபடி திறக்கிறாய் இல்லையா, அப்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அந்த வேலைக்குத்தான் சார்ஜ் கூடுதலாகப் போகிறது. பூஸ்டர் ஆப் செய்வதும் இதே வேலை, நாள் முழுக்க. அது சாத்தச் சாத்த மற்ற ஆப்கள் எழுந்து வரும், அது மறுபடி சாத்தும். நடுவில் அதுவும் பின்னணியில் ஓடிக்கொண்டு, விளம்பரமும் காட்டிக்கொண்டு. சார்ஜ் மிச்சம் பிடிக்க என்று நான் போட்டதே சார்ஜைத் தின்றிருக்கிறது.

அப்புறம் தூக்கம். இந்தப் பகுதியில்தான் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது டோஸ் (Doze) என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோழித்தூக்கம் என்று வைத்துக்கொள். திரை அணைந்து, சார்ஜில் போடாமல், அசையாமல் மேஜைமேல் கிடந்தால் போன் கொஞ்ச நேரத்தில் எல்லா ஆப்பையும் உறங்கப் போடுகிறது. இன்டர்நெட் கிடையாது, சாதாரண அலாரம் எல்லாம் தள்ளிப்போகும். நடுவில் கொஞ்ச நேரம் கண் திறந்து, சேர்ந்துபோன வேலையை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுபடி உறங்கும். நேரம் போகப் போக அந்த இடைவெளி நீளும்.

"அப்படியென்றால் தூங்கும் போனில் வாட்ஸ்அப் எப்படி வருகிறது?" என்று கேட்டேன். ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாகத் தன் சர்வரோடு தொடர்பு வைத்திருக்கத் தேவையில்லையாம். கூகுள் ப்ளே சர்வீசஸ் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இணைப்பை வைத்திருக்கும். அவசரச் செய்தி அந்த வழியாக வந்தால் உரிய ஆப்பை மட்டும் தட்டி எழுப்பும். அதுவரைக்கும் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து, "தெருவுக்கு ஒரு தபால்காரர். வீட்டுக்கு ஒரு ஆள் தபாலாபீஸ் வாசலில் நின்றால் என்ன ஆகும்?" என்றார். முப்பத்தாறு வருஷம் பாளையங்கோட்டையில் தபால் பை பிரித்தவராயிற்றே. சதீஷ் இதை அவனுடைய ஆபீஸில் சொல்லப் போவதாகச் சொன்னான். பாட்டரிப் பட்டியலில் கூகுள் ப்ளே சர்வீசஸ் என்ற பெயர் மேலே நிற்கிறது, வைரஸா என்று நீ ஒரு தரம் கேட்டாய் அல்லவா? இல்லை. அதன்மேல் கை வைக்காதே.

இனி மாத்திரைக்கு வருகிறேன். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9, நாம் எதை எவ்வளவு திறக்கிறோம் என்று பார்த்து ஆப்பை எல்லாம் வகை பிரிக்க ஆரம்பித்தது. அடிக்கடி திறப்பதற்குத் தாராளம், எப்போதாவது திறப்பதற்குக் கட்டுப்பாடு. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, மாதக்கணக்கில் தொடாத ஆப்பை உறக்கத்திலேயே போட்டுவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா மாதிரி ஆட்களை யோசித்துப் பார். அவருக்கு அந்த ஆப் என்றால் அந்தச் சத்தம்தான். உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு ஒன்றுமில்லை. போன் கணக்கில் அது பயன்படாத ஆப், அவர் உடம்புக்கு அதுதான் முக்கியமான ஆப். போன் அதை எப்படிப் பிரித்தறியும்? வீட்டில் இருக்கிற நான்தான் அறிந்திருக்க வேண்டும். அதன்மேல் நான் வேறு கட்டுப்பாடு போட்டேன். அப்படிப் போட்டால் பின்னணியில் அதன் அலாரம் அடிக்காது. 'ஃபோர்ஸ் ஸ்டாப்', அதாவது கட்டாயமாக நிறுத்து என்று கொடுத்தால் இன்னும் மோசம், அது வைத்திருந்த அலாரம் அத்தனையும் அழிந்துவிடும். யாராவது மறுபடி திறக்கும் வரை அந்த ஆப் எழுந்திருக்காது.

அத்தை போனை இன்றைக்கே எடு. செட்டிங்ஸில் ஆப் பட்டியலுக்குப் போய் இன்சுலின் ஆப்பைத் தொட்டு, அதன் பாட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' (கட்டுப்பாடு இல்லை) என்று மாற்று. அதே பக்கத்தில், பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவை என்பது போல ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிடு. சில கம்பெனி போன்களில் தானாகத் தொடங்க அனுமதி என்று தனியாக இன்னொன்றும் இருக்கும், அதையும் பார்த்துவிடு. எல்லாவற்றுக்கும் மேலே, போனோடு வருகிற சாதாரணக் கடிகாரத்திலும் அதே நேரத்துக்கு அலாரம் வை. டோஸ் தூக்கத்திலும் அந்த அலாரம் அடிக்கும். அப்பாவுக்கு இரண்டும் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் மாத்திரை டப்பா ஒன்றும் வாங்கிவிட்டேன், கிழமைக்கு ஒரு அறை. ராத்திரி படுக்கும் முன் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.

சரி, அப்பா போனில் சார்ஜ் உண்மையில் எங்கே போனது? மூன்று இடம். ஒன்று, அவர் அறை. தரைத்தளத்தில் கடைசி அறை, சுற்றிலும் கான்கிரீட், சிக்னல் ஒரு கோடு நின்றால் அதிசயம். டவர் சரியாகக் கிடைக்காவிட்டால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு தேடிக்கொண்டே இருக்கும். ஊருக்கு வரும் ரயிலில் ஓசூர் தாண்டினதும் போன் சுட்டுக்கொண்டு சார்ஜ் மளமளவென்று இறங்குமே, அது இதனால்தான். இப்போது போனை ஹாலில் ஜன்னல் ஓரம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, ஒரு ராசிபலன் ஆப். யார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியாது. பாட்டரிப் பக்கத்தைத் திறந்து சதீஷ் விரலால் காட்டினான்: திரையில் நான்கு நிமிஷம், பின்னணியில் ஐந்தரை மணி நேரம். துலா ராசிக்கு என்ன பலன் என்று சொல்ல, அப்பா எங்கே நிற்கிறார் என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமா? இருப்பிட அனுமதி 'எப்போதும்' என்று கொடுக்கப்பட்டிருந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து, ஆப்பைத் திறந்திருக்கும்போது மட்டும் என்று கொடுக்க முடியும். அதோடு வேக்லாக் என்று ஒன்று உண்டாம். நான் வேலையாக இருக்கிறேன், நீ தூங்காதே என்று ஆப் போனைப் பிடித்து வைப்பது. பாட்டுக் கேட்கும்போது அது வேண்டும். வேலை முடிந்தும் விடாமல் பிடித்திருந்தால் திரை இருட்டாகத்தான் இருக்கும், உள்ளே போன் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். எல்லாவற்றையும் சாத்துவதைவிட இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து எடுப்பதுதான் வேலை. எடுத்துவிட்டோம்.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்தியது. போனை மேஜையில் மல்லாக்க வைத்தபோது லேசாக ஆடியது. உறையைக் கழற்றிப் பார்த்தால், பின்மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே என் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பாட்டரி உப்பியிருக்கிறது. நான்கு வருஷப் போன், ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் சார்ஜில் கிடக்கும். லித்தியம் பாட்டரிக்குச் சூடுதான் எமன். உப்பிய பாட்டரி தீப்பிடிக்கக்கூடும், கௌரி. அப்பா தலைக்குக் கீழே அது இருந்திருக்கிறது. உடனே அணைத்து, மறுநாள் எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப் போய் மாற்றினேன். கடைக்காரர் நான் கன்னடத்தில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்கக்கா" என்றார். முக்கால் மணி நேர வேலை. இப்போது ராத்திரி பத்து மணிக்கும் நாற்பது சதவீதம் மிச்சம் இருக்கிறது. புதுப் போன் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாயே, வாங்காதே. முதலில் பாட்டரியைப் பார்.

இந்த வகைப் பாட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். வாங்கின மூவரில் ஜான் குடினஃப் என்பவருக்கு அப்போது வயது 97. அப்பாவிடம் சொன்னேன். "தொண்ணூத்தேழா! அப்ப நமக்கு இன்னும் இருபத்துமூணு வருஷம் இருக்கே" என்றார். வியாழக்கிழமைக்கு அப்புறம் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிரபா மகள் கல்யாணத்துக்கு நான் முந்தின நாளே வந்துவிடுவேன். அப்பாவும் வருகிறார், டாக்டர் சரி என்றுவிட்டார். உன் வீட்டில்தான் தங்குவோம். புளியோதரை கட்டி வைக்காதே, போன தரமே போதும்.

அன்புடன்,
மீனா

பி.கு. அத்தை போனில் இன்சுலின் நேரத்துக்கு மணி அடித்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு. இன்றைக்கும் நாளைக்கும், இரண்டு நாளும். 'பாக்குறேன்' என்று மட்டும் அனுப்பாதே.