ஒற்றைப் பன்றிக்கு அம்பு, மிச்சக் கூட்டத்துக்கு விருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டுரியான் காலம் நெருங்கினாலே பினாங்கின் பாலிக் பூலாவ், தெலுக் பகாங் மலைச்சரிவுகளில் காட்டுப்பன்றிப் பேச்சு தொடங்கிவிடும். விழுந்த பழத்தை விடியும் முன் தின்றுவிடுகிறது, மரத்தடியைக் கிளறி வேரை அறுத்துவிடுகிறது என்பது பழைய புகார். இப்போது அதோடு ஒரு புதிய யோசனையும் கைப்பேசி வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கப்பி வைத்த காம்பவுண்ட் வில் ஒன்று வாங்கு, காட்டுக்குள் மக்காச்சோளத்தைக் கொட்டு, பரண் கட்டி உட்கார், வருகிற பன்றியை அம்பால் அடி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் காணொளிகளைப் பார்த்துவிட்டு நம் இளைஞர்கள் இதைக் கேட்கிறார்கள். அந்த முறை எப்படி நடக்கிறது, நம் பெலுக்காரில், அதாவது அடர்ந்த புதர்க்காட்டில், ஏன் சரிப்படாது, அதற்குப் பதிலாகத் தீனியை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை விவரமாக எழுதவே இந்தக் கடிதம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். டெக்சசில் பன்றி வெளியிலிருந்து வந்து பெருகிய விலங்கு. அங்கே 2019 செப்டம்பர் முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் பன்றி வேட்டைக்கு உரிமம்கூட வேண்டியதில்லை. இங்கே மலேசியாவில் காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு, புலியின் உணவு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாமல் வேட்டையாடுவதும் குற்றம், கம்பிச் சுருக்கு வைப்பதும் குற்றம். வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் எழுத்து அனுமதி கையில் இல்லாமல் வில்லோ வேறு ஆயுதமோ எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டாம். ‘என் தோட்டம், என் பன்றி’ என்ற பேச்சு இங்கே செல்லாது.

இனி வில்லுக்கு வருவோம். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு ரத்தப்போக்கால்தான் கொல்லும். அதனால் அது நெஞ்சுக்கூட்டின் இரு பக்கத்தையும் துளைத்து வெளியே வர வேண்டும். அதற்கு 50 முதல் 60 பவுண்டு இழுவிசையுள்ள வில், 30 கிராமுக்குக் குறையாத அம்பு, சவரக்கத்திபோல் தீட்டிய நிலையான அகல முனை ஆகியவை வேண்டும். பட்டவுடன் விரியும் மடக்கு முனைகள் வளர்ந்த ஆண்பன்றியிடம் தோற்றுப்போகும். அதன் தோள்மேல் தோலுக்கடியில் கெட்டியான நார்த்திசு கேடயம்போல் படர்ந்திருக்கிறது. ஆண்பன்றிகள் ஒன்றோடொன்று மோதும்போது கோரைப்பல் உள்ளே இறங்காமல் காப்பது அதுதான். முனை விரிவதற்கே அம்பின் வேகம் அங்கே தீர்ந்துவிடும்.

குறி வைக்கும் இடத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. மான் வேட்டைப் படங்களைப் பார்த்தவர்கள் தோளுக்குப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில் எய்கிறார்கள். பன்றியின் இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னால், அதைவிடத் தாழ்வாக இருக்கின்றன. நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், முன்னங்காலின் முட்டிக்கு நேர் மேலே பார்க்க வேண்டும். ஒரு சாண் பின்னால் போனாலும் அம்பு கல்லீரலிலோ குடலிலோ பாயும். பன்றி அப்போதே சாகாது. சரியான கோணம், அது முகத்தை அப்பால் திருப்பிச் சாய்வாக நிற்கும்போது கிடைக்கும். அப்போது கேடயத்தின் பின்விளிம்பில் நுழைந்து எதிர்த் தோளை நோக்கி அம்பு போகும். தீனியைத் தின்னும் பன்றி அப்படி அசையாமல் நிற்காது. மூக்கால் மண்ணைத் தள்ளித் தள்ளி வட்டமிடும், பக்கத்துப் பன்றியை இடிக்கும், இரண்டு விநாடிக்கு ஒரு முறை திரும்பும்.

தூரம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. நல்ல வில்லிலிருந்து கிளம்பும் அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 80 மீட்டர் போகும். நாண் அதிரும் ஓசை 340 மீட்டர் போகும். ஆக 20 மீட்டருக்கு அம்பு கால் விநாடி எடுக்கும்போது, ஓசை அதற்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலேயே பன்றியின் காதை எட்டிவிடும். மிஞ்சிய நேரத்தில் அது உடம்பைத் தாழ்த்தித் திரும்பிவிடுகிறது. வெட்டவெளியிலேயே இப்படி. நம் பெலுக்காரில் ரோத்தான் பிரம்பின் முள்ளும் பெரணி இலையும் லாலாங் புல்லின் தண்டும் குறுக்கே கிடக்கின்றன. பென்சில் கனமுள்ள ஒரு குச்சியில் உரசினாலே அம்பு திசை மாறிவிடும்.

அடிபட்ட பிறகு வருவதுதான் எங்களுக்குக் கவலை. பன்றியின் கொழுப்பும் அடர்ந்த மயிரும் காயத்தின் வாயை அடைத்துவிடும்; ரத்தம் உடம்புக்குள்ளேயே தேங்கும். தரையில் விழும் துளிகள் சில மீட்டரிலேயே நின்றுபோகும். நல்ல அடி என்றால் அரைமணி நேரம், குடலில் பட்டது என்றால் ஐந்தாறு மணி நேரம் காத்திருந்துதான் தேட வேண்டும். அதற்குள் பினாங்கின் மாலை மழை ஒன்று கொட்டினால் தடமே இருக்காது. குத்துயிராகக் கிடக்கும் பன்றி மிக அடர்ந்த புதரைத் தேடிப் போய், வந்த வழியைப் பார்த்தபடி படுத்திருக்கும். அதன் கீழ்க் கோரை மேல் கோரையில் உரசி உரசித் தானே தீட்டிக்கொள்ளும் கத்தி. தலை ஒரு வீச்சு வீசினால் மனிதனின் தொடை உயரத்துக்கு எட்டும். தொடையின் பெரிய நாளம் அறுந்தால், சரிவிலிருந்து ஆளைச் சாலைக்குத் தூக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காலையில் அந்தப் பக்கம் மலையேறப் போகிறவர்களுக்கும், பழம் பொறுக்கப் போகும் அம்மாமார்களுக்கும் இப்படி ஒரு பன்றி அங்கே கிடப்பது தெரியாது.

எல்லாம் சரியாக நடந்து ஒரு பன்றி செத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கூட்டம் என்ன செய்யும்? பெண்பன்றிகளும் குட்டிகளும் சேர்ந்ததுதான் கூட்டம். வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனியே திரியும். கர்ப்பகாலம் ஏறக்குறைய 115 நாள்தான், ஓர் ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டி. மூன்று தாய் இருக்கும் கூட்டத்தில் ஒன்றை அடித்து, மற்றவற்றுக்கு மாதக்கணக்கில் சோளமும் போட்டால், அவற்றைக் கொழுக்கவைத்துப் பெருகவைக்கிறோம் என்றுதான் பொருள். தப்பியவை அந்த இடத்துக்கு இரவில் மட்டும் வரும், மனித வாடை பட்டால் பக்கத்துத் தோட்டத்துக்கு மாறிவிடும். தீனி பன்றியை எப்படிப் பெருக்கும் என்பதற்கு நெகிரி செம்பிலானின் பாசோ காடே சாட்சி. அங்கே ஆராய்ச்சியாளர்கள் 1996இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47, 1998இல் 27 என்று பன்றிகளின் அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். காட்டைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் பழமும், புலி குறைந்துபோனதும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன.

ஆகவே தீனி வைப்பதென்றால் ஒரே நோக்கத்துக்கு வையுங்கள்: கூட்டம் முழுவதும் ஒரே இரவில் கூண்டுக்குள் வர வேண்டும். அனுமதியை முன்பே வாங்கிக்கொண்டு, இலாகாவின் ஆட்கள் எந்த நாளில் வர முடியும் என்று பேசி முடித்த பிறகுதான் முதல் பிடிச் சோளத்தையே போட வேண்டும்.

சோளத்தைக் காய்ந்தபடி தூவினால் பகலில் குரங்கு தின்றுவிடும். 20 லிட்டர் வாளியில் 5 கிலோ சோள முத்தைப் போட்டு, முத்துக்கு மேல் நாலு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, அரைக் கிலோ சீனியும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிறு பொட்டலமும் கலந்து நிழலில் வையுங்கள். மூன்று நாளில் புளித்த கள் வாடை வரும். மூடியை இறுக்கி மூடக் கூடாது, உள்ளே சேரும் வாயு அதைத் தெறிக்கவைத்துவிடும். சோளம் ஊறிப் பெருக்கும் என்பதால் மேலே ஒரு சாண் இடமும் விட வேண்டும். பிறகு முழங்கை ஆழத்துக்கு ஒடுங்கிய குழி தோண்டி, அதில் போட்டு மண்ணால் மூடுங்கள். குரங்கு அவ்வளவு ஆழம் தோண்டாது. பன்றிக்கு அது விளையாட்டு. அங்கேயே நெடுநேரம் நிற்கும். மரவள்ளிக் கிழங்கும் பலாச்சுளையும்கூட நன்றாக இழுக்கும். ஆனால் டுரியான் உதிரும் வாரங்களில் எந்தத் தீனியும் எடுபடாது; பழம் விழத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையை முடிக்க வேண்டும்.

கூண்டு வட்டமாக இருக்க வேண்டும். மூலை இருந்தால் பன்றிகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். கட்டுமானக் கடையில் கிடைக்கும் 6 மீட்டர் நீள பி.ஆர்.சி. கம்பித்தகடு (இரும்புக் கம்பிகளைக் கட்டம் கட்டமாகப் பற்றவைத்தது) மூன்று வாங்கினால், குறுக்களவு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் வரும். கட்டம் 20 சென்டிமீட்டர் என்பதால் குட்டி நழுவிவிடும். அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல்வரை சிறுகட்ட வலையைச் சேர்த்துக் கட்டுங்கள். இரும்புக் குழாய்க் கம்பங்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்குங்கள். கம்பம் வெளியே, தகடு உள்ளே. மாற்றிக் கட்டினால் பன்றி முட்டும் முட்டில் கட்டுக்கம்பி அறுந்து தகடு கழன்று வரும். தகட்டின் அடியை முளையடித்துத் தரையோடு பிணைக்க வேண்டும், ஏனென்றால் பன்றி முதலில் மூக்கைக் கொடுத்து நெம்பித்தான் பார்க்கும். வாசல் ஒரு மீட்டர் அகலம், மேலிருந்து விழும் கதவு.

பொறுமை இல்லாதவர்கள் தோற்பது இதற்குப் பிறகுதான். முதல் வாரம் கதவை மேலே கட்டிப்போட்டுவிட்டு, தீனியை வட்டத்துக்கு வெளியே வையுங்கள். அடுத்த சில நாள் வாசற்படியில். பிறகு உள்ளே. கடைசியில் வாசலுக்கு எதிர்ப்புறச் சுவரோரம் மட்டும். ஒரு இரவுக் கேமராவை மரத்தில் கட்டி, கூட்டத்தில் எத்தனை தலை என்று எண்ணுங்கள். குட்டிகள்தான் துணிந்து முதலில் நுழையும். தாய்ப்பன்றி வாசலில் மூக்கை நீட்டி நின்றுகொண்டே இருக்கும். ஏழெட்டு நாள் பார்த்துவிட்டு, குட்டி மாட்டினால் போதும் என்று கதவை விட்டால் அந்தத் தாய் இனி எந்தக் கூண்டையும் நெருங்காது. அதன் பின்னால் வளரும் குட்டியும் நெருங்காது. எண்ணிய தலை அத்தனையும் இரண்டு, மூன்று இரவு தொடர்ந்து உள்ளே நின்று தின்ற பிறகே கதவைப் பொறியோடு இணைக்க வேண்டும். பொறிக்கயிறு 45 சென்டிமீட்டர் உயரத்தில், சுவரோரத் தீனிக்கு மேலே ஓடட்டும். குட்டி அதற்கடியில் போய்விடும், பெரியது உரசினால்தான் கதவு விழும்.

காற்றையும் கவனியுங்கள். மலைச்சரிவில் வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். அதனால் தீனியை நிரப்பப் போகும் வழி கூண்டுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும், உங்கள் வாடை கூண்டைத் தாண்டாது. அதையும் மத்தியானத்திலேயே முடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கூட்டம் மாட்டிய காலையில் வேடிக்கை பார்க்க யாரும் போகக் கூடாது, நாயும் வேண்டாம். மனிதரைக் கண்டால் பன்றிகள் தகட்டில் பாய்ந்து மூக்கு உடைத்துக்கொள்ளும். பன்றிக்கு வியர்க்காது, வெயில் ஏறினால் கூண்டுக்குள்ளேயே மூச்சு வாங்கிச் சாகும். ஒரு தார்ப்பாயைப் பக்கச்சுவரில் தொங்கவிட்டு மறைத்தால் அடங்கும். இலாகா ஆட்கள் விடியற்காலையிலேயே வந்து முடித்துவிட வேண்டும். எந்த உயிரையும் துன்புறுத்திக் கொல்ல நமக்கு உரிமை இல்லை. அம்பைவிடக் கூண்டு மேல் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் பெரிய காரணம்.

சமையல் கழிவை, குறிப்பாகப் பன்றி இறைச்சி மிச்சத்தை, தீனியாக ஒருபோதும் போடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் கண்டுபிடிக்கப்பட்டது; 2023 ஜனவரியில் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறை பண்ணைகளுக்கே வந்துவிட்டது. அது மனிதரைத் தொற்றாது, ஆனால் சமைத்த மிச்சம் என்று நினைத்துப் போடும் வேகாத துண்டிலும் தொத்திறைச்சியிலும் அந்தக் கிருமி நெடுநாள் உயிரோடிருக்கும். காட்டில் காயமின்றிச் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். பிடிபட்டதைக் கையாள்பவர்கள் கையுறை போடாமல் தொடக் கூடாது. எலிக் காய்ச்சல் ரத்தத்தாலும் சிறுநீராலும் வரும். உடலை ஆற்றிலோ சாலையோரத்திலோ வீசுவது நோயையும் பரப்பும், பக்கத்துக் கிராமத்து முஸ்லிம் குடும்பங்களின் மனத்தையும் புண்படுத்தும். மேலே ஒரு மீட்டர் மண் மூடும்படி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

வேலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்வேலிக் கருவியிலிருந்து விட்டு விட்டு வரும் துடிப்பு மின்சாரம், தரையிலிருந்து 20, 45 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு கம்பி. இது நன்றாக வேலை செய்யும், லாலாங் வளர்ந்து கம்பியைத் தொடாதவரை. தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். வாரத்துக்கு ஒரு முறை அடியில் வெட்ட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கும் கொடுமையை யாராவது செய்தால் உடனே தடுங்கள், அது ஆளைக் கொல்லும்.

ஒரு கூண்டுக்கு ஆகும் செலவு சிறு தோட்டக்காரர் ஒருவருக்குச் சுமைதான். ஏழெட்டுத் தோட்டம் சேர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சமே வரும், ஒரே கூண்டைக் கழற்றிக் கழற்றி மாற்றிக்கொள்ளவும் முடியும். உரிமம் கேட்பது எப்படி, எந்த அலுவலகத்தில் எந்தப் பாரம் என்பதை இலாகா தமிழிலும் ஒரு தாளில் அச்சிட்டு, அடுத்த டுரியான் பூ பிடிக்கும் முன்பே மலைச்சரிவுத் தோட்டங்களில் கொடுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு தோட்டக்காரர்கள் சிலர்,
பாலிக் பூலாவ், பினாங்கு