நெபுலைசரில் ஆவி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீசிங், ஆஸ்துமா பற்றிய மருத்துவக் கட்டுரைகளில், மருந்துக் கரைசலை நுண்துளிகளாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசரை ‘ஆவி பிடிக்கும் கருவி’ என்று எழுதுவது பழகிப்போய்விட்டது. சென்னை வீடுகளில் ‘குழந்தைக்குப் புகை வெச்சாங்க’ என்பார்கள். பேச்சில் எப்படிச் சொன்னாலும் போகட்டும். அச்சில் ‘ஆவி’ என்று வந்தால், படிப்பவர் அடுப்பில் வெந்நீர் வைக்கிறார்.

நெபுலா என்ற லத்தீன் சொல்லுக்கு மூடுபனி, மேகம் என்று பொருள். மூடுபனி என்பது மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். விஷயம் முழுக்க இந்தத் துளியில்தான் இருக்கிறது. ரசம் கொதித்தால் மணம் எழும்பும், உப்பு எழும்பாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் கரைசலைக் கொதிக்க வைத்தாலும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், மருந்து பாத்திரத்திலேயே தங்கிவிடும். துளியாக உடைத்தால்தான் ஒவ்வொரு துளியும் தன் பங்கு மருந்தைச் சுமந்துகொண்டு உள்ளே போகும்.

உடைக்கும் வேலையைச் செய்வது சூடு அல்ல, காற்று. கம்ப்ரசரிலிருந்து நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று, மருந்துக் கோப்பையின் அடியிலுள்ள ஊசித்துளை வழியாகச் சீறிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைவதால் மருந்து மேலே உறிஞ்சப்பட்டு, எதிரே உள்ள சிறு தடுப்பில் மோதிச் சிதறுகிறது. பெரிய துளிகள் கோப்பைக்கே திரும்பிவிடும். நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போக, துளி 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான். 5 மைக்ரானைவிடப் பெரிய துளி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ‘தெளிப்பான்’ என்ற சொல்லும் பொருந்தாததற்கு இதுவே காரணம். அது பூச்சிமருந்து அடிப்பவர்களின் சொல்.

ஆவி என்று நம்பியவர் கோப்பையில் ஊற்றுவது வெந்நீர், இல்லாவிட்டால் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அழற்சி உண்டாகும். உப்பில்லாத வெறும் தண்ணீரோ, காய்ச்சி வடித்த நீரோகூட மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும்; இழுப்புக்கு வைத்தது இழுப்பையே கூட்டும். கலப்பதற்கு 0.9 சதவீத உப்புநீரான நார்மல் சலைன் மட்டுமே சரி.

சால்பியூட்டமால் 2.5 மில்லிகிராம், 2.5 மில்லி சிறு குப்பியாக வந்தால் அப்படியே ஊற்றலாம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள பாட்டில் மருந்தில் மருத்துவர் அரை மில்லி எழுதியிருந்தால், அதோடு 2 முதல் 2.5 மில்லி சலைன் சேர்க்க வேண்டும். எந்தக் கோப்பையிலும் கடைசியில் ஒரு மில்லி அளவு பனியாகாமல் அடியில் தேங்கும். சலைன் சேர்க்காவிட்டால் அந்த அரை மில்லியும் அங்கேயே நின்றுவிடும். பத்து நிமிடம் போதும். கோப்பை ‘படபட’ என்று இரைய ஆரம்பித்தால் பக்கவாட்டில் லேசாகத் தட்டிவிடுங்கள். குழந்தை அழுகிறதே என்று மாஸ்க்கை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தால் மருந்தில் பெரும்பகுதி அறைக்குத்தான். ஸ்டீராய்டு மருந்தான பியூடெசோனைடு வைத்தபின் முகம் கழுவி வாய் கொப்பளிக்க வேண்டும். தவறினால் வாயில் வெண்படலம் படியும். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியம் கண்ணில் படக் கூடாது. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மாஸ்க்கை விட்டு வாய்க்குழலைப் பயன்படுத்துவது நல்லது.

சென்னையின் ஈரக் காற்றில் கோப்பை தானாக உலர்ந்துவிடும் என்று விட்டால் அதில் கிருமி வளரும். ஒவ்வொரு முறையும் கழற்றி, கொதித்து ஆறிய நீரில் அலசி, உதறி, சுத்தமான துணியில் காய வையுங்கள். கிருமி நீக்க, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து அலசலாம். எந்த முறை ஏற்றது என்பதைக் கருவியோடு வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுக் குழாயைக் கழுவ வேண்டாம். கோப்பையைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மெஷினை ஓட்டினால் உள்ளிருக்கும் ஈரம் போய்விடும். ஒருவர் வைத்த மாஸ்க்கை இன்னொருவருக்கு வைப்பதை எந்த வினிகரும் நியாயப்படுத்தாது.

2021 ஏப்ரலில் ஆக்சிஜன் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, சிலிண்டருக்குப் பதில் நெபுலைசர் போதும் என்று ஒரு காணொளி பரவியது. கம்ப்ரசர் தள்ளுவது அறையின் காற்றைத்தான், அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மருந்தே இல்லாமல் மெஷினை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மின்விசிறிக்கு முன் உட்காருவது போல.

தமிழில் ‘திவலை’ என்ற அழகான சொல் இருக்கிறது. ‘நுண்திவலைக் கருவி’ எனலாம். நீளம் என்று தோன்றினால் நெபுலைசர் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும். கூடவே ஒரு வரி சேர்த்தால் உதவியாக இருக்கும்: சால்பியூட்டமால் வைத்து நான்கு மணி நேரத்துக்குள் இழுப்பு திரும்பினாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, வீட்டில் மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐ அழைக்கலாம்.

இப்படிக்கு,
சுவாச சிகிச்சைப் பணியாளர்கள்,
சென்னை.